தோலளவில் நின்ற புற்றுநோய்

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கு வங்கத்தின் கிராமக் கிளை ஒன்றில் நான் பணியாற்றியபோது, விவசாயி ஒருவர் திசுப் பரிசோதனை அறிக்கையுடன் வந்தார். இடுப்பில் தோன்றிய செந்நிறத் திட்டைப் படர்தாமரை என்றெண்ணி ஈராண்டுகள் களிம்பு பூசியவர் அவர். அறிக்கை அதனைப் ‘போவன் நோய்’ என்றது. “புற்றுநோய் என்கிறார்கள், இங்கே எடுத்த ‘கிரிட்டிக்கல் இல்னஸ்’ பாலிசியில் பணம் கிடைக்குமா?” என்று கேட்டார்.

பாஸ்டன் நகரத் தோல் மருத்துவர் ஜான் போவன் 1912-ஆம் ஆண்டில் விவரித்த நோய் இது. புற்றணுக்கள் தோலின் மேலடுக்கிலேயே தங்கியிருக்கும், உள்ளே ஊடுருவியிருக்கா. சிகிச்சையின்றி விட்டால் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காட்டினருக்கு அது ஊடுருவும் புற்றுநோயாக மாறலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் சிறு அறுவை, உறையவைக்கும் சிகிச்சை, மருத்துவர் தரும் தனிக் களிம்பு ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் போதும்.

இந்நோய்க்கு வெயில் முதன்மைக் காரணம். வெயில் படாத இடத்தில் தோன்றுமாயின், குடிநீரில் கலந்த ஆர்சனிக்கையும் ஐயுற வேண்டும். மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்று நீரால் விளைந்த தோல் பாதிப்புகளை மருத்துவர் கே.சி. சாஹா 1983-இல் இனங்கண்டார். கொதிக்கவைப்பதால் ஆர்சனிக் நீங்குவதில்லை. நீரைப் பரிசோதித்தே அறிய இயலும்.

அவருடைய வினாவுக்கு “கிடைக்காது” என்றே விடையளிக்க நேர்ந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது வரையறையின்படி, ஊடுருவாத நிலையிலுள்ள புற்றுக்கு அவ்வகைப் பாலிசியில் இழப்பீடு இல்லை.

“அப்படியானால் நோய் முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?” என்றார் அவர். அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. பாலிசி எடுத்த நாளிலேயே அந்த விலக்கை விளக்கியிருந்தால் அவர் இவ்வாறு கேட்டிருக்கமாட்டார். காத்திருப்பதே பேரிழப்பு என்றும், இப்போதைய செலவு சிறிது என்றும் எடுத்துரைத்தேன். மறுவாரமே சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்துச் சென்றார், திட்டு அகற்றப்பட்டது.

வாசகர்கள் செய்யத்தக்கவை இரண்டு. சில வாரச் சிகிச்சைக்குப் பின்னும் ஆறாத திட்டினைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பாலிசியை எடுத்து, ‘விலக்குகள்’ என்ற பகுதியை இன்றே படியுங்கள். மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் பாலிசி தனியே இருப்பின், இத்தகைய சிகிச்சைக்கு அது உதவுமா என்பதையும் கேட்டறியுங்கள்.