நெருக்கத்தை அளந்த கருவி

தொற்றுநோய்க் காலத்தில் நோயாளியைக் கண்டுபிடிப்பதைவிட, அவரோடு நெருங்கி இருந்தவர்களைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பதைப் பொதுச் சுகாதாரத் துறையினர் நெடுங்காலமாக அறிவர். ‘தொடர்புத் தடமறிதல்’ எனப்படும் இந்த வேலை, கடந்த 14 நாள்களில் எங்கே போனீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள், யாரோடு பேசினீர்கள் என்று ஓர் அலுவலர் நோயாளியிடம் நாள்வாரியாகக் கேட்டு எழுதிக்கொள்வதில் தொடங்குவதால், முழுக்க முழுக்க மனித நினைவை நம்பியது. முந்தாநாள் மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகிற நிலையில், பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த முன்பின் தெரியாதவரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட எந்த நோயாளியாலும் இயலாது.

2020 மார்ச் 20 அன்று சிங்கப்பூர் அரசு வெளியிட்ட டிரேஸ்டுகெதர் என்னும் செயலி, இந்த மறதியின் இடைவெளியைக் கைத்தொலைபேசியைக் கொண்டு நிரப்ப முற்பட்டது. குறைந்த தொலைவுக்குள் இரு கருவிகளைக் கம்பியின்றி இணைக்கும் புளூடூத் அலையை அது பயன்படுத்தியது. செயலி உள்ள இரு தொலைபேசிகள் அருகருகே வரும்போது ஒவ்வொன்றும் மற்றதன் தற்காலிக அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளும். அந்த எண் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால், வழியில் போகிற எவரும் அதை வைத்து ஒருவரைப் பின்தொடர முடியாது. எந்த எண் யாருடையது என்று பிரித்தறியும் திறவுகோல் அரசிடம் மட்டுமே இருந்தது. இப்படிச் சேர்ந்த குறிப்புகள் 25 நாள் வரை தொலைபேசியிலேயே தங்கியிருந்து பின்னர் தாமாக அழியும். உரிமையாளருக்கு நோய் உறுதியானால் மட்டும் அவை சுகாதார அமைச்சுக்கு அனுப்பப்படும். ஒருவர் எந்த இடத்தில் இருந்தார் என்பது இதில் பதிவாகவில்லை, யாருக்கு அருகில் இருந்தார் என்பதே பதிவானது.

ஆனால் அந்த ‘அருகில்’ என்ற சொல்லை எண்ணாக மாற்றுவது அத்தனை எளிதாக இல்லை. இரண்டு மீட்டருக்குள் முப்பது நிமிடம் இருந்தால் அது நெருங்கிய தொடர்பு என்று தொடக்கத்தில் வரையறுத்தார்கள். புளூடூத்துக்கோ மீட்டர் தெரியாது, வந்துசேரும் அலையின் வலிமை மட்டுமே தெரியும். மனித உடலின் பெரும்பகுதி நீர். நீரோ இந்த அலையை விழுங்கிக்கொள்வது. ஆகவே இருவர் எதிரெதிரே நின்று பேசினாலும், தொலைபேசி காற்சட்டையின் பின்பையில் இருந்தால் அவர்கள் தொலைவில் இருப்பதாகவே கணக்கு காட்டக்கூடும். மறுபுறம், ஒரே மெல்லிய சுவரின் இருபக்கமும் தலைவைத்துப் படுத்திருக்கும் அண்டைவீட்டார், ஒருவர் மூச்சு மற்றவர்மேல் படாமலே, நெருங்கிய தொடர்புடையவர்களாக ஆகிவிடலாம். எனவேதான் இறுதி முடிவைக் கருவியிடம் விடாமல், குறிப்புகளைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பொறுப்பு அலுவலர்களிடமே விடப்பட்டது; சிங்கப்பூர் எடுத்த முடிவுகளில் மிகவும் நிதானமானது இதுவென்றே சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோல் பொருளற்றுப்போன இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போன கட்டுமான, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிகளில், அடுக்குக் கட்டில்கள் போட்ட ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர் படுத்தார்கள். சமையலறையும் குளியலறையும் பொது. மேல்கட்டிலுக்கும் கீழ்க்கட்டிலுக்கும் இடையே இரண்டு மீட்டர் ஏது? ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வாழ்ந்த இவ்விடுதிகளில், 2020 டிசம்பருக்குள் பாதிப்பேர் அளவுக்குத் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள் என்று அரசே பின்னர் அறிவித்தது. யார் யாரோடு நெருங்கி இருந்தார் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம், நெருங்காமல் இருக்கவே வழியில்லாதவர்களிடம் எதைத் தேடும் என்ற கேள்வி அப்போது போதிய அளவு கேட்கப்படவில்லை.

நகரின் மற்ற பகுதிகளில் சிக்கல் வேறு. ஐபோனில் இச்செயலி திரையில் திறந்தே இருந்தால்தான் சரியாக வேலை செய்தது. மின்கலம் விரைவில் தீர்ந்தது. முதியோர் பலரிடம் அதற்கேற்ற தொலைபேசியே இல்லை. இதற்குத் தீர்வாக, கழுத்துக் கயிற்றிலோ சாவிக்கொத்திலோ மாட்டிக்கொள்ளும் சிறிய தனிக்கருவி ஒன்றை அரசு 2020 ஜூன் இறுதியில் முதியோருக்கும் செப்டம்பரில் மற்றவர்களுக்கும் சமூக மன்றங்கள் வழியே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதில் திரை இல்லை, இணையத் தொடர்பு இல்லை, இருப்பிடம் காட்டும் வசதியும் இல்லை. அதற்கு முன்பே இக்கருவிக்கு எதிரான மனுக்களில் ஆயிரக்கணக்கானோர் பெயர் எழுதியிருந்ததால், வெளி வல்லுநர் சிலரை அழைத்து, கருவியைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளும்படி அரசு அதைக் கையில் கொடுத்தது. வன்பொருள் ஆய்வாளர் பன்னி ஹுவாங் அவர்களுள் ஒருவர்.

ஆனால் கருவியைப் பிரித்துப் பார்த்து அறிய முடியாத ஒன்று இருந்தது: சட்டம். 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தத் தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று உறுதியளித்திருந்தார். 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்கு விடையளித்த உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி விசாரணைக்காக எந்தத் தரவையும் காவல்துறை கேட்டுப் பெறலாம், இதுவும் அதற்கு விலக்கில்லை என்றார். உறுதியளித்தபோது அந்தச் சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று மறுநாள் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். இதில் சூழ்ச்சியைத் தேட வேண்டியதில்லை; தொற்றுக்கு வெகுகாலம் முன்பே இயற்றப்பட்ட சட்டம் அது, அவ்வளவுதான். எனினும், உரிமையாளர் கேட்டுக்கொள்ளாமலே தன் நடமாட்டத் துணைகளின் பட்டியலைச் சுமந்து திரிகிற கருவியை மக்கள் தாங்களே கழுத்தில் மாட்டிக்கொண்டது ஒரு வாக்கை நம்பித்தான் என்பதால், அந்தச் சறுக்கல் தொழில்நுட்பப் பிழை எதையும்விடப் பெரிதாகப் பட்டது.

இதே காலத்தில் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து 2020 ஏப்ரலில் அறிவித்த முறையில், பொருத்திப் பார்க்கும் வேலை முழுவதும் அவரவர் தொலைபேசிக்குள்ளேயே நடந்தது. யார் யாரோடு இருந்தார் என்பது அரசின் கைக்குப் போகவே போகாது. அங்கே வாக்கு கொடுக்கும் தேவையே எழவில்லை. ஆனால் தடமறியும் அலுவலருக்கும் அதிலிருந்து எதுவும் கிடைக்காது என்பதால் சிங்கப்பூர் அதை ஏற்கவில்லை.

நாடாளுமன்றத்தில் டெஸ்மண்ட் டான் விடையளித்த ஒரு மாதத்துக்குள், 2021 பிப்ரவரி 2 அன்று, புதிய சட்டம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆட்கடத்தல், கடும் பாலியல் குற்றம் உள்ளிட்ட ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை இத்தரவைப் பெறலாம் என்றும், வேறு வகையில் பயன்படுத்துவோருக்கு 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும் அது வரையறுத்தது. அதே ஆண்டு மே முதல் கடைத்தொகுதிகளிலும் வேலையிடங்களிலும் நுழைய இச்செயலியோ கருவியோ கட்டாயமாயிற்று. 2022 ஏப்ரலில் பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டாயம் நீங்கியது.

2023 பிப்ரவரியில் திட்டம் முடித்துவைக்கப்பட்டபோது, கருவிகளைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்ட அரசு, சமூக மன்றங்களில் அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியது. சேர்ந்த தரவுகள் அழிக்கப்பட்டன. 2020 மே மாதம் நடந்த ஒரு கொலை வழக்கின் விசாரணையில் பயன்பட்ட தரவு மட்டும், வழக்கில் மறு ஆய்வு கோரப்பட்டால் தேவைப்படும் என்பதற்காக, கால வரம்பின்றி வைக்கப்பட்டிருக்கிறது.