உணவு ஒவ்வாமைக்கு மூலிகை மருந்து... உண்மையிலேயே வேலை செய்யுமா?

"இறால் சாப்பிட்டா தடிப்பு வருதா? மூலிகைக் கசாயம் குடி, சரியாயிடும்." வீட்டில் இப்படி யாராவது சொல்லியிருப்பார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?

ஒவ்வாமை ஏன் வருகிறது?

உணவிலுள்ள புரதத்தை உடல் எதிரி என்று தவறாக நினைத்துவிடுகிறது. உடனே ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் வெளியாகின்றன. அரிப்பு, வீக்கம், வாந்தி வரலாம். கடுமையானால் மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் சரியும். அதுதான் அனாஃபைலாக்சிஸ்.

மூலிகையைச் சோதித்தார்களா?

ஆமாம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சியூ-மின் லீயின் குழு, பழைய சீன மருந்து ஒன்றை அடிப்படையாக வைத்து எஃப்ஏஎச்எஃப்-2 எனும் மாத்திரையை உருவாக்கியது. இஞ்சி, ஜின்செங், லிங்சி காளான் உட்பட அதில் 9 பொருள்கள். முதலில் 11 இருந்தன. பாதுகாப்பு கருதி இரண்டை நீக்கினார்கள். இயற்கைனா ஆபத்தே இல்லைனு நினைக்க முடியாது!

முடிவு என்ன?

எலிகளிடம் அசத்தல். வேர்க்கடலை ஒவ்வாமை கொண்ட எலிகளுக்கு அனாஃபைலாக்சிஸ் வரவே இல்லை.

மனிதர்களிடம் கதை வேறு. 12 முதல் 45 வயது வரையிலான 68 பேர் கலந்துகொண்ட ஆய்வு 2015இல் வெளியானது. சிலருக்கு மூலிகை மாத்திரை, சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை. ஒரு வேளைக்கு 10, நாளுக்கு 3 வேளை, 6 மாதம்! 44 விழுக்காட்டினர் ஆய்வுக் காலத்தின் மூன்றில் ஒரு பங்காவது அதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மருந்து பாதுகாப்பாக இருந்தது. ஆனால் ஒவ்வாத உணவைத் தாங்கும் சக்தியை மருந்தில்லாத மாத்திரையைவிட அது கூட்டவில்லை.

அப்போ வேறு வழி?

ஒமலிஸுமாப் ஊசி மருந்தை அமெரிக்கா 2024 பிப்ரவரியில் உணவு ஒவ்வாமைக்கும் அங்கீகரித்தது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வரும் பாதிப்பை அது குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டாலும் ஒவ்வாத உணவைத் தவிர்த்தே ஆகவேண்டும்.

இதை மறக்காதீங்க:

- மூச்சுத் திணறினால் கசாயம் வைத்து நேரத்தை வீணாக்கக்கூடாது. மருத்துவர் கொடுத்த அட்ரினலின் ஊசியை உடனே தொடையில் போடவேண்டும்.
- சிங்கப்பூரில் 995ஐ அழையுங்கள்.
- மூலிகை சாப்பிட்ட தைரியத்தில் ஒவ்வாத உணவை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள்.
- ஏதாவது மூலிகை எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாட்டியின் அன்பு உண்மைதான். ஆனால் பையில் இருக்கவேண்டியது அந்த ஊசி.