கல்பாசி: மசாலாப் பெட்டிக்குள் ஒரு கூட்டுக் குடித்தனம்

பங்காருபேட்டை என்றதும் நிறமே இல்லாத ரசம் ஊற்றித் தரும் பானிபூரிதான் பலருக்கு நினைவு வரும். அதே ஊர் மளிகைக் கடையில் பட்டை, கிராம்புக்குப் பக்கத்தில் ஒரு கருஞ்சாம்பல் நிறச் சருகும் கிடக்கும். தமிழர்கள் கல்பாசி என்று கேட்டு வாங்கிக் கறி மசாலாவில் சேர்ப்பார்கள். கன்னடக்காரர்கள் கல்லு ஹூவு என்பார்கள். பிசிபேளே பாத் பொடிக்கு அது வேண்டும்.

பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற இது செடியே அல்ல, லைக்கன். பூஞ்சையும் பச்சைப் பாசியும் ஒன்றாய் நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் சர்க்கரை சமைக்கும். பூஞ்சை இடமும் ஈரமும் கொடுக்கும். 1867-ல் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள்.

லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். வெயிலோ நத்தையோ கிருமியோ, எது வந்தாலும் நகர முடியாது. அதனால் பூஞ்சை தற்காப்புக்கு வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. கல்பாசியில் முக்கியமானவை அட்ரனோரினும் ஸ்டிக்டிக் அமிலமும். அட்ரனோரின் மேல்தோலில் இருந்து கடும் வெளிச்சத்தைத் தடுக்கிறது.

மூக்குக்கும் அதில் சங்கதி உண்டு. ஐரோப்பிய வாசனைத் திரவியங்களில் ஓக் மரத்து லைக்கன் ஒன்றின் சாறு நெடுங்காலமாகச் சேர்கிறது. அதன் மண்மணத்துக்கு முக்கியக் காரணம் அட்ரனோரின் உடையும்போது பிறக்கும் ஒரு பொருள். நம் கல்பாசியிலும் அட்ரனோரின் இருக்கிறது. காய்ந்த கல்பாசியை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் விழுந்த பிறகுதான் அது வாயைத் திறக்கும்.

இனி, உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி. ஆய்வகத் தட்டில் கல்பாசிச் சாறு சில பாக்டீரியாக்களை அடக்குகிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் காட்டுகிறது. தட்டில் நடப்பதெல்லாம் வயிற்றில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு லைக்கன்களில் உள்ள அஸ்னிக் அமிலம் கலந்த எடைக்குறைப்பு மாத்திரை ஒன்று கல்லீரலைக் கெடுப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-லேயே எச்சரித்தது. கல்பாசியை மசாலாவாக வைத்துக்கொள்வோம், கஷாயமாக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

இன்னொன்று. லைக்கனுக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவருவதைத்தான் குடிக்கும். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் அதில் தங்கிவிடும். காற்று மாசை அளக்க விஞ்ஞானிகள் லைக்கனைத் தேடுவது இதனால்தான். பங்காருபேட்டைக்குப் பக்கத்திலுள்ள கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டாலும் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கழிவு மேடுகளின் தூசி காற்றில் பறந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பாறைகளில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

கடையில் வாங்கியதையும் மரப்பட்டைத் துணுக்கு, மணல் போக அலசிக் காயவையுங்கள். எண்ணெய் காய்ந்ததும் முதலில் போடுங்கள். அரைக் கிலோ கறிக்கு இரண்டு மூன்று இதழ் போதும். கூடினால் குழம்பு கசக்கும்.