ஒரே ஃபைலை நாலு சர்வர் திறந்தால்?

வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது போனில் வட்டம் சுத்திக்கொண்டே இருந்தால், "நெட் ஸ்லோ" என்று சொல்லிவிடுகிறோம். சில நேரம் நெட் மேல் தப்பே இருக்காது. பின்னால் ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்காகக் காத்திருக்கும்.

பெரிய சேவைகளில் ஒரே சேமிப்பகத்தைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்வது உண்டு. இதற்கு உதவுவது கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம். லினக்ஸில் ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 இரண்டும் 2006-இல் சேர்க்கப்பட்டன.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், தீபாவளிக் கூட்டத்தில் ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு கவுண்டர், ஒரே ஸ்டாக் நோட்டு. இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் கணக்கு போச்சு. எழுதுபவர் நோட்டைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும், இதுதான் லாக். பார்க்க மட்டும் என்றால் நாலு பேரும் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் நோட்டைத் தேடி ஓடாமல் துண்டுச் சீட்டில் குறித்துவைத்தால், அது கேஷ்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோடு' என்ற குறிப்பு அட்டை உண்டு. யாருடையது, எவ்வளவு பெரிசு, கடைசியாக எப்போது மாறியது, டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். (பெயர் மட்டும் இருக்காது. அது ஃபோல்டரில் இருக்கும்.) ஜிஎஃப்எஸ்2-இல் லாக் கையில் இருக்கும்வரைதான் கேஷ் செல்லும். வேறு சர்வர் எழுதக் கேட்டால், முதல் சர்வர் தன் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி, தன் நகலை அழித்து, லாக்கை விட்டுக்கொடுக்க வேண்டும். பழைய விவரம் நம் கண்ணில் படாமல் இருப்பது இதனால்தான். ஆனால் லாக் பந்து மாதிரி அங்கும் இங்கும் போனால், வேகம் படுத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தையும் ஐநோடில் குறிக்கும் பழக்கம் யூனிக்ஸ் காலத்தது. அப்படியென்றால் சும்மா படித்தாலும் எழுத்து வேலைதான், அதற்கும் தனி லாக் வேண்டும்! 2009 முதல் லினக்ஸ் இதை ஒவ்வொரு தடவையும் குறிப்பதில்லை. ஃபைல் மாறியிருந்தாலோ ஒரு நாள் கடந்திருந்தாலோதான் குறிக்கும். கிளஸ்டரில் 'நோஏடைம்' என்று அமைத்து அதையும் நிறுத்திவிடுவது நல்லது. ஒரே வரி மாற்றம், பலன் பெரிசு.

அடுத்தது ஃபோல்டர். புது ஃபைல் சேர்த்தால் ஃபோல்டரின் ஐநோடும் மாறும். எல்லா விண்ணப்பமும் ஒரே ஃபோல்டரில் விழுந்தால் எல்லா சர்வரும் ஒரே வரிசையில் நிற்கும். ராயபுரத்துக்கு ஒன்று, திருவொற்றியூருக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சர்வரே எழுதினால் அந்த வரிசையே இல்லை.

லாக்கை வாங்கிய சர்வரிடமிருந்து அது ஒரு வரி எழுதும் முன்பே பிடுங்கவும் கூடாது. அதனால் குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் அதனிடமே இருக்கட்டும் என்று ஜிஎஃப்எஸ்2 ஒரு சின்ன அவகாசம் கொடுக்கிறது.