அடுத்த குண்டைத் தடுப்பவர்கள்

டெட்ராய்ட் நகரில் வன்முறையில் காயம்பட்டு, சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களை மருத்துவர்கள் ஐந்தாண்டு காலம் தொடர்ந்து கவனித்தார்கள். 44 சதவீதம் பேர் மறுபடியும் காயம்பட்டிருந்தார்கள். 20 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. 1989-இல் வெளியான அந்த ஆய்வு, நகர்ப்புற வன்முறைக் காயத்தை நாள்பட்ட, திரும்பத் திரும்ப வரும் நோய் என்றே அழைத்தது. குண்டை எடுத்து, தையல் போட்டு, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று இனி எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 2022-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அது தனியாக எழுதவேண்டிய துயரம். மிச்சத்தில் பெரும்பகுதி கொலைகள், ஏறக்குறைய 19,650. அவையும் நாடெங்கும் பரவலாக நடப்பதில்லை. பெரும்பாலும் பெருநகரங்களின் சில தெருக்களில், அதிலும் ஊருக்குச் சில நூறு இளைஞர்களைச் சுற்றியே குவிந்து கிடக்கின்றன. 2024 ஜூனில் அந்நாட்டின் அப்போதைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவித்தார்.

நான்கு மாத அவகாசம்

கேரி ஸ்லட்கின் தொற்றுநோய் மருத்துவர். சோமாலியாவின் அகதி முகாம்களில் காசநோயோடும் காலராவோடும் போராடியவர். 1990-களின் நடுவில் சிகாகோவுக்குத் திரும்பியதும், துப்பாக்கிச்சூடு நடந்த இடங்களின் வரைபடங்களைப் பார்த்தார். காலரா வரைபடங்களில் தெரியும் அதே கொத்துகள் இங்கேயும் தெரிந்தன. ஒரு சூடு இன்னொரு சூட்டைப் பெற்றெடுக்கிறது என்பது அவருடைய வாதம்.

பல ஆண்டுகள் கழித்து அதற்கு எண்களும் கிடைத்தன. 2006 முதல் 2014 வரை சிகாகோவில் நடந்த 11,123 துப்பாக்கிச்சூடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 63 சதவீதம் பழகியவர்களின் வட்டத்தின் வழியே தொற்றியவை என்று 2017-இல் எழுதினார்கள். நண்பன் சுடப்பட்டதிலிருந்து தான் சுடப்படும்வரை சராசரியாக 125 நாள். எனக்கு இந்தக் கட்டுரையின் மற்ற எண்களைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. 125 நாள் என்றால் நான்கு மாதம். ஒருவனைத் தேடிப் பிடித்துப் பேசவும், கொஞ்ச காலம் வெளியூரில் தங்கவைக்கவும், ஒரு வேலை பார்த்துக் கொடுக்கவும் அந்த அவகாசம் போதும். கேள்வியெல்லாம், அவன் யார் பேச்சைக் கேட்பான் என்பதுதான்.

படுக்கையருகே

1994-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இதற்கு ஒரு விடை பிறந்தது. தானே துப்பாக்கிச்சூட்டில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்த ஓர் இளைஞர், காயம்பட்ட மற்ற இளைஞர்களை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே சந்திக்கத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் பல நகரங்களில் மருத்துவமனைகள் இத்தகைய ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அதே பேட்டையில் வளர்ந்தவர்கள். சிலர் சிறை சென்று வந்தவர்கள்.

முதலில் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, பழிவாங்க யாராவது கிளம்பியிருக்கிறார்களா என்பதை. காத்திருப்புக் கூடத்தில் பல்லைக் கடித்தபடி நிற்கும் அண்ணனோடும் நண்பர்களோடும் பேச்சு அங்கேயே தொடங்குகிறது. அதன்பின் வருவதெல்லாம் சில்லறை வேலைகள் போலத் தோன்றும். டிஸ்சார்ஜ் ஆனபின் பழைய வீட்டுக்கே போவது பாதுகாப்பா? தையல் பிரிக்க வருவதற்குப் பேருந்தில் எதிராளிகளின் தெருவைத் தாண்ட வேண்டியிருக்கிறதே, யார் கூட்டிவருவது? தொலைந்த அடையாள அட்டை, விட்டுப்போன பள்ளிக்கூடம், நிலுவையில் உள்ள வழக்கு என்று பட்டியல் நீளும். மாதக்கணக்கில் இதையெல்லாம் உடனிருந்து முடித்துக் கொடுப்பதுதான் சிகிச்சையின் மறுபாதி.

சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 2005-இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தவர்களிடையே, மறுபடி காயம்படுவது முன்பிருந்த 16 சதவீதத்திலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட கணக்கு இது என்பதால் முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தவிர்க்கப்படும் அறுவை சிகிச்சைகளின் செலவை நினைத்தால், இத்தகைய பணியாளரின் சம்பளம் பெரிதல்ல.

தெருவில் நிற்பவர்கள்

ஸ்லட்கினின் திட்டம் 2000-இல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் தொடங்கியது. முன்னாள் கும்பல்காரர்களையே சமாதானத் தூதர்களாக வேலைக்கு வைத்தார்கள். கடன் தகராறோ காதல் தகராறோ சமூக ஊடகத்தில் ஒரு கேலியோ முற்றுவதற்குள் இவர்கள் போய்க் குறுக்கே நிற்பார்கள். போலீசுக்குத் தகவல் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வேலையே ஓடுகிறது.

எல்லா இடத்திலும் இது பலித்துவிடவில்லை. பால்டிமோரில் சில பேட்டைகளில் சூடு குறைந்தது, சிலவற்றில் இல்லை. பிட்ஸ்பர்கில் இதைப் போன்றதொரு திட்டம் கொலைகளைக் குறைக்கவே இல்லை. யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், எவ்வளவு பயிற்சி, எத்தனை மாதம் பணம் நிற்காமல் வருகிறது என்பவற்றைப் பொறுத்தே பலன் அமைகிறது. ஆபத்தும் குறைவில்லை: பால்டிமோர் திட்டத்தின் பணியாளர்கள் மூவர் 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் இன்னும் துணிந்தது. ஊரில் துப்பாக்கி தூக்கக்கூடியவர்கள் என்று அறியப்பட்ட இளைஞர்களைத் தேடிப்போய், 18 மாதம் தினந்தோறும் வழிகாட்டி, சொன்ன இலக்குகளை எட்டினால் மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகையும் கொடுத்தது. குற்றவாளிக்குச் சன்மானமா என்று பலர் கொதித்தார்கள். 2007-இல் 47 ஆக இருந்த கொலைகள் 2014-இல் 11 ஆகின. அத்தனையும் இத்திட்டத்தால்தான் என்று சொல்ல முடியாது. துப்பாக்கி வன்முறை குறைந்தபோது, துப்பாக்கி இல்லாத வன்முறை ஓரளவு கூடியதாகவும் பின்வந்த ஓர் ஆய்வு காட்டியது. என்றாலும், துப்பாக்கி இல்லாத அடிதடியில் உயிர் போகும் வாய்ப்பு மிகக் குறைவு.

காலி மனையில் புல்

ஆட்களோடு பேசுவதோடு நில்லாமல், இடத்தை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல்லும் ஓரிரு மரமும் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏழ்மையான பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புதர் போனால் துப்பாக்கியை ஒளித்துவைக்க இடமில்லை. ஆட்கள் வெளியே வந்து உட்காருகிறார்கள். அக்கம்பக்கத்தாரின் மனச்சோர்வும் குறைந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை

2010-இல் சிகாகோவின் தென்பகுதியில் 18 வயது இளைஞர் ஒருவர் சுடப்பட்டார். சில தெருக்கள் தள்ளிப் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை இருந்தது. ஆனால் அங்கே பெரியவர்களின் பலத்த காயங்களுக்கென உள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவு (ட்ராமா சென்டர்) இல்லாததால், சுமார் 16 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனார்கள். அவர் இறந்தார். ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2018-இல் அங்கேயே ட்ராமா சென்டர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்கே துப்பாக்கிக் காயத்துக்கான முதலுதவி சொல்லித்தரத் தொடங்கினார்கள்.

அந்த முதலுதவி யாரும் கற்கக்கூடியது. கடுமையான ரத்தப்போக்கு சில நிமிடங்களில் உயிரைக் குடித்துவிடும். காயத்தின்மேல் சுத்தமான துணி வைத்து இரு கைகளாலும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை, கால் காயத்தில் ரத்தம் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டில் படாமல், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் டூர்னிகே பட்டையை ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தைக் குறித்துவையுங்கள். மருத்துவர் வரும்வரை தளர்த்தக் கூடாது. மார்பு, வயிற்றுக் காயங்களுக்கு இந்தப் பட்டை உதவாது. சாலை விபத்திலும் இதே முறைதான்.

இரண்டு வீடுகள்

பாஸ்டனில் 1993 டிசம்பரில், கும்பல் வன்முறைக்கு எதிரான இளைஞர் குழுவின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த 15 வயதுச் சிறுவன், யாரோ ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதன் நடுவே சிக்கி இறந்தான். அவன் தாய் அடுத்த ஆண்டு அவன் பெயரிலேயே தொடங்கியதுதான் லூயிஸ் டி. பிரவுன் அமைதி நிறுவனம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், இறுதிச் சடங்கு ஏற்பாட்டிலிருந்து கூடவே இருப்பார்கள். கொன்றதாகக் கைதானவனின் குடும்பத்துக்கும் கை கொடுப்பார்கள். கேட்பவருக்குக் கசக்கும். ஆனால் பழி இரு வீடுகளிலும் புகைந்துகொண்டிருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

சூட்டில் பிழைத்தவர்களுக்கும் அதை நேரில் கண்டவர்களுக்கும் மனக்காயமும் மிஞ்சும். தூக்கமின்மை, பட்டாசுச் சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப்போடுவது, சம்பவ இடத்தைத் தவிர்ப்பது, காரணமில்லாத எரிச்சல், குழந்தைகள் மறுபடி படுக்கையை நனைப்பது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தப் பாதிப்புக்கென்றே உள்ள பேச்சுச் சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. காயம்பட்ட இளைஞர் பலர் துப்பாக்கியைத் தேடிப்போவது கோபத்தைவிடப் பயத்தால். ஆகவே அந்தப் பயத்துக்குச் சிகிச்சை தருவதும் அடுத்த சூட்டைத் தடுக்கும் வேலைதான். வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால், குண்டுகளை எடுத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியே பூட்டிவையுங்கள். யாராவது சாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தால், துப்பாக்கி அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது.