மடையடியில் காத்திருப்போர் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சிவகிரிக்கு அண்மையில் உள்ள ராயகிரியில், மழை பொய்த்த வருஷங்களில் குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சும்போது, மடையடியில் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து நிற்கிறவர்களை எண்ணிப் பார்த்தாலே அந்தப் பருவத்தின் நிலைமை விளங்கிவிடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. மடை வழியே எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது மற்றொரு கணக்கு. ஆனால் தன் முறைக்காக எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள் என்ற மூன்றாவது கணக்கே ஊரின் கஷ்டத்தை உள்ளபடி சொல்லும். கம்ப்யூட்டர் என்ற யந்திரம் படும் கஷ்டத்தை அறிவதற்கும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, இந்த மூன்றாவது கணக்கையே அதன் சாஸ்திரிகள் நம்பி வந்திருக்கிறார்கள்.

சென்ற விடுமுறையில் என் தங்கை மகன் ஒரு பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்து, "மாமா, இது ஒரேயடியா மெதுவாயிட்டு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கிருவமா?" என்று கேட்டான். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் மேல்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் அவனுக்குக் கிடைத்தது அது. அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே படிப்பை முடித்துவிட்டார்கள். என் மருமகன் அதைத் தொட்டுப் பழகியவன். ஆயினும் கட்டளை வரி என்னும் கறுப்புத் திரையை மட்டும் ஏதோ மாந்திரீகம் என்று எண்ணி ஒதுக்கியிருந்தான்.

அந்தத் திரையைத் திறந்து 'டாப்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை அடித்தேன். வில்லியம் லெஃபெவ்ர் என்பவர் 1984-இல் முதன்முதலாக எழுதிய கருவி அது. இன்று லினக்ஸில் ஓடுவது அதே பெயரில் பின்னர் வேறாக எழுதப்பட்டது. யந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு காரியத்தையும், 'பிராசஸ்' என்று இத்துறையினர் சொல்வதை, வரிசைப்படுத்திக் காட்டி, மூன்று விநாடிக்கு ஒரு தடவை தன் சித்திரத்தைத் தானே திருத்தி எழுதிக்கொள்வது அதன் இயல்பு. மேல் வரியின் கோடியில் 'லோடு ஆவரேஜ்' என்ற தலைப்பில் மூன்று எண்கள் நின்றன: 6.20, 5.85, 3.10.

இவை முறையே கடந்த ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், பதினைந்து நிமிஷங்களில் மடையடியில் நின்றவர்களின் சராசரி. பாய்ச்சிக்கொண்டிருப்பவரும் கணக்கில் சேர்த்தி. அமெரிக்காவில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்கள் 1973-லேயே இத்தகைய சராசரியை ஏட்டில் பதிந்து வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் மடிக்கணினியின் பிராசஸரில் இரண்டு கருக்கள். ஆகவே மடை இரண்டு. இரண்டு மடைக்கு இருவர் என்றால் யாருக்கும் காத்திருப்பு இல்லை. ஆறு பேர் என்றால் நால்வர் வரப்பில் நிற்கிறார்கள் என்று பொருள். முதல் எண் மூன்றாம் எண்ணைவிடப் பெரிதாயிருந்ததால், கஷ்டம் அண்மையில் தொடங்கி வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரிந்தது.

சராசரி என்றேனே தவிர, கூட்டி வகுத்துப் பெறும் பள்ளிக்கூடச் சராசரி அன்று இது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை புதிய எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டு, பழையதைச் சிறிது சிறிதாக மறந்துகொண்டே வரும் கணக்கு. சும்மா கிடந்த யந்திரத்தில் ஒரே ஒரு காரியம் இடைவிடாது ஒரு முழு நிமிஷம் ஓடினாலும், ஒரு நிமிஷத்துக்குரிய எண் 1 என்று காட்டாது, 0.63 அளவில்தான் நிற்கும். நேற்றைய துக்கம் இன்று பாதியாகவும் நாளை காலாகவும் தேய்வதுபோல, எதையும் ஒரே க்ஷணத்தில் மறந்துவிடாத ஞாபகம் அந்த எண்களுக்கு உண்டு.

"அப்போ பிராசஸர் போதலைன்னுதானே அர்த்தம்?" என்றான் மருமகன். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாத இடம் இதுவே. எண்களுக்குச் சற்றுக் கீழே, பிராசஸரின் பொழுது எப்படிக் கழிகிறது என்பதைச் சதவீதத்தில் பிரித்துக் காட்டும் வரி இருக்கிறது. பயனருடைய நிரல்களுக்கு உழைத்த நேரம், கெர்னல் என்னும் கருநிரலுக்கு உழைத்த நேரம், வெறுமனே இருந்த நேரம், டிஸ்க்கின் பதிலை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் எனப் பல பங்குகள் அதில் உண்டு. எங்கள் யந்திரத்தில் உழைப்பின் பங்கு சொற்பம். கடைசியாகச் சொன்ன அந்தக் காத்திருப்பின் பங்கோ எழுபது சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

பிராசஸர் சும்மா இருக்கும்போது சுமையின் எண் மட்டும் ஏறுவானேன்? விடை 1993-இல் இருக்கிறது. அதுவரை லினக்ஸ், பிராசஸருக்காகக் காத்திருந்தவர்களை மட்டுமே எண்ணிவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அதிலிருந்த விபரீதத்தைச் சுட்டிக்காட்டினார்: வேகமான டிஸ்க்கை எடுத்துவிட்டு மந்தமான டிஸ்க்கைப் பொருத்தினால் யந்திரம் முன்னிலும் தடுமாறும், சுமையின் எண்ணோ, காரியங்கள் டிஸ்க்கின் வாசலில் உறங்கிக்கொண்டிருப்பதால், குறைந்து நல்ல பிள்ளையாகக் காட்சி தரும். ஆகவே, எழுப்ப முடியாத உறக்கத்தில் டிஸ்க்கை எதிர்பார்த்திருப்பவர்களையும் எண்ண வேண்டும் என்று அவர் திருத்தம் தந்தார், அது ஏற்கப்பட்டது. அன்றுமுதல் லினக்ஸில் இந்த எண், பிராசஸரை நாடி நிற்பவர்களோடு எழுப்ப முடியாத உறக்கத்தில் தவிப்பவர்களையும் சேர்த்த தொகையாக ஆயிற்று.

அடுத்து 'விஎம்ஸ்டாட்' என்ற கருவியை ஏவியபோது நோயின் மூலம் பிரத்யட்சமாயிற்று. நினைவகம் நிரம்பி வழிய, கருநிரல் அதிலிருந்த பக்கங்களை டிஸ்க்கில் கொண்டு வைப்பதும், வைத்த கையோடு வேண்டியதைத் திரும்ப எடுத்து வருவதுமாக அல்லாடிக்கொண்டிருந்தது. நினைவகத்தில் உள்ளதை எட்டி எடுக்கச் சுமார் 100 நானோவிநாடி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லிவிநாடி. இது லட்சம் மடங்கு. முன்னதை ஒரு விநாடியாக வைத்துக்கொண்டால் பின்னது இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல். அடுக்களைப் பானையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளும் வேலைக்காக, ராயகிரியிலிருந்து ஓய்வே இல்லாமல் மதுரைக்கு நடப்பதற்கு ஏறத்தாழ ஒப்பு. 'டாப்' திரைக்குத் திரும்பி, பெரிய எழுத்து 'எம்' விசையை அழுத்தி நினைவகத்தின்படி வரிசைப்படுத்தியதும் முதல் இடங்கள் முழுவதையும் இணைய உலாவியே பிடித்துக்கொண்டது. மருமகன் நாற்பது டேப்களைத் திறந்து வைத்திருந்தான். கணினியின்மேல் குற்றம் ஏதும் இல்லை.

இவ்வளவு செய்தியையும் இக்கருவிகள் எங்கிருந்து பெறுகின்றன என்பது தனியே வியக்கத்தக்கது. லினக்ஸில் 'ப்ராக்' என்றொரு கோப்புறை உண்டு. அதிலுள்ள பெரும்பாலான கோப்புகளின் அளவைக் கேட்டால் பூஜ்யம் என்றே விடை வரும். டிஸ்க்கில் அவற்றுக்கு இடமே கிடையாது. ஒருவர் திறந்து படிக்க முனையும் அந்தக் க்ஷணத்தில் கருநிரல் தன் நிலைமையை எழுத்தாக்கிக் கையில் கொடுக்கிறது. காரியங்களைக் கோப்புகளாகப் பாவிக்கும் இந்த யோசனையை, 'டாப்' பிறந்த அதே 1984-இல், பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் கில்லியன் யுனிக்ஸில் செயலாக்கிக் காட்டினார். 'டாப்' தானும் ஓடும் ஒரு காரியமே ஆதலால், தன் பட்டியலிலேயே இடம்பெற்றிருப்பதைக் காணலாம். பார்ப்பவனும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறான்; அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறான்.

ஒரு வீட்டுக் கணினிக்கு இது போதும். ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அதற்காகவே இவ்வெண்களை இடைவிடாது திரட்டி எச்சரிக்கும் மென்பொருள்கள் எழுந்தன. 2011 முதல், ராயகிரி அடங்கிய இதே தென்காசிச் சீமையின் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்திவரும் ஸோஹோ, 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய நிறுவனமே. சர்வர்களின் நாடி பார்க்கும் மென்பொருள்களும் அதன் சரக்குகளில் உண்டு. ஆனால் அவற்றின் வண்ணப் படங்களுக்கு அடியிலும் லினக்ஸ் சர்வராயின் ஓடுவது, மருமகனின் கறுப்புத் திரையில் நின்ற அதே வகை எண்கள்தான்.

முப்பத்தைந்து டேப்களை அவன் மூடினான். டிஸ்க்கின் இரைச்சல் அடங்கிற்று. ஒரு நிமிஷ எண் சரசரவென்று இறங்கி ஒன்றுக்குக் கீழே போயிற்று. ஐந்து நிமிஷ எண் சற்றுத் தயங்கிப் பின்தொடர்ந்தது. பதினைந்து நிமிஷ எண் மட்டும் நாங்கள் காப்பி குடித்து முடிக்கும் வரையில் பழைய கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது. புதுக் கணினி பற்றி அவன் அப்புறம் பேசவில்லை.