வலிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

தலையிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு எலும்பு முறிவு இல்லை, ஸ்கேனில் குறை இல்லை என்று தெரிந்ததும் குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால், சிலருக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகே தொடங்குகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் வந்துசெல்லும் தொழிலாளர்களுக்கு இது அயலான செய்தியன்று.

மூன்று மாதங்களைக் கடந்து நீடிக்கும் வலியை 'நாள்பட்ட வலி' என்கிறது மருத்துவம். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு, காயத்துக்குப் பின் நீடிக்கும் வலிக்குத் தனி இடம் அளித்துள்ளது. திசுக்கள் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் மிகை உணர்வுடன் இருப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே, ஸ்கேனில் தெரியவில்லை என்பதாலேயே வலி பொய்யாகிவிடாது.

அளக்கப்படாத எதற்கும் நிதி ஒதுக்கப்படுவதில்லை என்பது பொருளாதார வகுப்பறையில் நான் பலமுறை சொன்ன பாடம். வலியையும் ஓரளவு அளக்கலாம். 0 முதல் 10 வரையிலான வலியின் கடுமை, உறங்கிய நேரம், வேலை செய்ய இயன்ற நேரம், விழுங்கிய மாத்திரைகள் ஆகிய நான்கையும் நாள்தோறும் குறித்துவைத்தால் மருத்துவருக்குத் தெளிவு பிறக்கும். மாத்திரைக் கணக்கு மிக முக்கியம். மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ வலி மாத்திரை உட்கொள்வது சில மாதங்கள் நீடித்தால், மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம்.

எலும்பு முறிவு இல்லாதபோது, கழுத்துப் பட்டையுடன் நெடுநாள் படுத்திருப்பதைவிட, மருத்துவரின் ஆலோசனைப்படி மெல்ல மெல்ல அசைவையும் பயிற்சியையும் கூட்டுவதே பயன் தரும். தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி, குழப்பம், கை கால் தளர்ச்சி தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதியோருக்கு அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் மூளை உறைக்கு அடியில் ரத்தம் தேங்கியிருப்பது வெளிப்படக்கூடும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைக் காக்கிறது. பணி சாராத விபத்தெனில், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் 70 சதவீத ஊதியத்துடன் ஆண்டுக்கு 91 நாள்களுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கிறது. பட்டியலிடப்பட்ட சில நீண்டகால நோய்களுக்கு மட்டுமே அது நீட்டிக்கப்படுகிறது. 91 நாள்கள் என்பது மூன்று மாதங்கள். 'நாள்பட்டது' என்று வலிக்குப் பெயர் சூட்டப்படும் தறுவாயில் உதவி முடிந்துவிடுகிறது!

உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, வருவாய் ஈட்டும் திறனின் இழப்பு வேறு என்று 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த நோக்கு மருத்துவத் திட்டங்களிலும் இடம்பெற வேண்டும். வீடு தேடி இயன்முறை சிகிச்சை அளிக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடைமுறையில் உள்ளது. தலைக்காயத்துடன் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களை மூன்றாம் மாத முடிவில் ஒருமுறை சந்தித்து, வலியையும் வேலைத் திறனையும் பதிவு செய்யும் பொறுப்பையும் அதனுடன் சேர்க்கலாம். உயிரைக் காத்த அரசு, பிழைப்பையும் காக்க அதுவே முதற்படி.